ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு: மறுபடி திறக்காமல் எப்படி நிறுத்துகிறார்கள்?

கணையம், இரைப்பை, குடல் என்று எதிலாவது பெரிய ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து, "உள்ளே ரத்தம் கசிகிறது" என்று டாக்டர் வந்து சொன்னால், வெளியே உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். திரும்பவும் வயிற்றைத் திறக்கணுமா?

இன்று பல நேரங்களில் வேண்டியதில்லை. தொடையிலோ மணிக்கட்டிலோ சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாயின் உள்வழியாகவே கசியும் இடம்வரை போய் அதை அடைத்துவிட முடியும். சிலருக்கு வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ எண்டோஸ்கோபியை விட்டே நிறுத்திவிடலாம். இந்த முறைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் போகிறேன். அதோடு இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும், முதலில் தெரிகிற அந்தச் சின்னக் கசிவை யாராவது பொருட்படுத்தினால்தான் இவையெல்லாம் பயன்படும்.

முதல் நாள் கசிவும் பத்தாம் நாள் கசிவும்

ஆபரேஷனுக்குப் பிந்தைய ரத்தக்கசிவு என்று ஒரே பெயரில் சொன்னாலும், அது எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து கிட்டத்தட்ட இரண்டு வேறு நோய்கள். கணைய அறுவை நிபுணர்களின் சர்வதேசக் குழு ஒன்று 2007-ல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. ஆபரேஷன் முடிந்து 24 மணி நேரத்துக்குள் வந்தால் முன்கசிவு, அதற்குப் பிறகு வந்தால் பின்கசிவு.

முன்கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் நேரடியானது. கட்டிய முடிச்சு ஒன்று நழுவியிருக்கும், ஸ்டேப்ளர் போட்ட வரிசையில் ஓரிடம் சரியாகப் பிடித்திருக்காது, அல்லது நோயாளியின் ரத்தம் உறையும் தன்மையே குறைந்திருக்கும். குடலை ஸ்டேப்ளரால் இணைத்த இடத்தில் வரும் லேசான கசிவு பலருக்குத் தானாகவே நின்றுவிடும். வேகமாக ரத்தம் போகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது என்றால் அறுவை நிபுணர் தாமதிக்காமல் திரும்ப உள்ளே போவார். அதுதான் சரியும்கூட. வெட்டிய இடம் புதிதாக இருக்கிறது, உள்ளே இன்னும் எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை, நழுவிய முடிச்சு கண்ணுக்குத் தெரியும். போட்டுக் கட்டிவிடலாம்.

பின்கசிவு அப்படி இல்லை. அதைப் புரிந்துகொள்ள விப்பிள் ஆபரேஷனையே எடுத்துக்கொள்வோம். கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் வந்தால் செய்வது இது. அமெரிக்க அறுவை நிபுணர் ஆலன் விப்பிள் 1935-ல் இதை வெளியிட்டதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி, சில நேரம் இரைப்பையின் அடிப்பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சமுள்ள கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு புதிதாக இணைப்பார்கள். கல்லீரலுக்குப் போகும் தமனியிலிருந்து காஸ்ட்ரோடுவோடினல் தமனி என்று ஒரு கிளை பிரிந்து கணையத்தின் தலைக்கு இறங்குகிறது. தலையை எடுக்கும்போது அந்தக் கிளையையும் வெட்டிக் கட்டிவிடுவார்கள். வெட்டிய தமனியின் ஒரு சின்ன அடித்தண்டு மட்டும் அங்கே மிஞ்சும்.

இனி, கணையத்தைச் சிறுகுடலோடு இணைத்த தையல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மென்மையான கணையத்தில் தையல் போடுவது சுலபமில்லை. தேர்ந்த கைகளிலும் இது நடக்கிறது. கசிந்து வரும் கணைய நீரின் வேலையே கொழுப்பையும் புரதத்தையும் செரிப்பதுதான். வெளியே வந்தாலும் அது அதையே செய்கிறது, இந்த முறை பக்கத்திலிருக்கும் தமனியின் சுவரில். கிருமித் தொற்றும் சேர்ந்துகொண்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். ஒரு கட்டத்தில் சுவரில் ஓட்டை விழுகிறது. வெளியேறும் ரத்தத்தைச் சுற்றியுள்ள திசுவும் உறைந்த ரத்தமும் தற்காலிகமாகத் தடுத்து நிறுத்த, அங்கே ஒரு ரத்தக் குமிழ் உருவாகிறது. மருத்துவர்கள் இதை சூடோஅனியூரிசம் என்பார்கள். சாதாரணத் தமனியின் சுவர் மூன்று அடுக்கு கொண்டது. இந்தக் குமிழுக்கோ சொந்தமாகச் சுவரே கிடையாது. அதனால் எப்போது வேண்டுமானாலும் உடையலாம். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்திலும் நடக்கலாம், மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போன பிறகும் நடக்கலாம்.

கணைய ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிறு பங்கினருக்கே இது வருகிறது. ஆனால் அந்த ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கும் மரணங்களில் இதன் பங்கு பெரிது. எண்ணிக்கை குறைவு என்று விட்டுவிட முடியாதது அதனால்தான்.

இந்தக் கட்டத்தில் மறுபடி வயிற்றைத் திறப்பது ஏன் ஆபத்து? பத்து நாளில் உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். திசுக்கள் வீங்கி, தொட்டாலே ரத்தம் வரும் நிலையில் இருக்கும். கசியும் தமனியோ எல்லாவற்றுக்கும் பின்னால், புதிதாகப் போட்ட இணைப்புகளுக்கு நடுவே கிடக்கிறது. அங்கே போய்ச் சேர அந்த இணைப்புகளைக் கலைக்க வேண்டிவரலாம். போய்ச் சேர்ந்தாலும் கணைய நீரில் ஊறிய தமனியில் தையல் நிற்காது. ஏற்கெனவே நிறைய ரத்தம் இழந்த உடம்பில் இவ்வளவையும் செய்வது கடினம். ஆனால் ரத்தக்குழாயின் உட்புறம் இந்தக் குழப்பம் எதிலும் மாட்டவில்லை. தொடையிலிருந்து அந்த ஓட்டைவரை வழி திறந்தே இருக்கிறது.

சின்னக் கசிவு

சூடோஅனியூரிசம் உடைவதற்கு முன் பலருக்கு ஓர் எச்சரிக்கை கொடுக்கும். வயிற்றுக்குள் சேரும் திரவத்தை வெளியேற்ற வைத்திருக்கும் ட்ரெய்ன் குழாயின் பையில் அதுவரை தெளிவாகவோ மஞ்சளாகவோ வந்துகொண்டிருந்த திரவத்தில் திடீரென்று சிவப்பு கலக்கும். மூக்கு வழியாகப் போட்ட டியூபில் ரத்தம் வரும். ஒரு தடவை ரத்த வாந்தி வரும், அல்லது மலம் கறுப்பாகப் போகும். அப்புறம் தானாக நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள். சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துப் பெரிய கசிவு வரும்.

ஆங்கில மருத்துவத்தில் இதை சென்டினல் பிளீட் என்கிறார்கள். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் பொன்னான நேரம். நோயாளி நிதானமாக இருக்கும்போதே ஸ்கேன் எடுத்து, குமிழைக் கண்டுபிடித்து அடைத்துவிடலாம். உடைந்த பிறகு செய்வதோடு ஒப்பிட்டால் பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. விப்பிள் ஆபரேஷன் முடிந்தவருக்கு, அதுவும் கணைய நீர் கசிவு இருப்பது முன்பே தெரிந்தவருக்கு, சில நாள் கழித்து ஒரு ஸ்பூன் அளவு புது ரத்தம் வந்தாலும் அதை அவசரமாகவே பார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இங்கே குடும்பத்தாரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. "ஹீமோகுளோபின் நார்மலாதானே இருக்கு" என்ற ஆறுதல். ரத்தம் வெளியேறும்போது சிவப்பணுக்களும் நீர்ப்பகுதியும் சேர்ந்தேதான் போகின்றன, அதனால் மிச்சமிருக்கும் ரத்தத்தின் செறிவு உடனே மாறாது. பிறகு உடம்பிலிருந்து நீர் ரத்தக்குழாய்க்குள் இறங்கி, டிரிப்ஸும் ஏற்றி, ரத்தம் நீர்த்த பிறகுதான் ஹீமோகுளோபின் குறைந்ததாகக் காட்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகிவிடும். அதற்கு முன்பே நாடித்துடிப்பு ஏறியிருக்கும், கைகால் சில்லிட்டிருக்கும், சிறுநீர் குறைந்திருக்கும். பிபிக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித்துடிப்பும் அவ்வளவாக ஏறாது. அந்த மருந்து விவரத்தை ஐசியூ டாக்டரிடம் ஒருமுறைக்கு இருமுறை சொல்லி வையுங்கள்.

இடத்தைக் கண்டுபிடிப்பது

நோயாளி ஓரளவு நிலையாக இருந்தால் முதலில் செய்வது சி.டி. ஆஞ்சியோகிராம். கை நரம்பில் அயோடின் கலந்த சாய மருந்தை வேகமாகச் செலுத்தி, அது தமனிகளுக்குள் ஓடும் அந்தச் சில நொடிகளில் படம் எடுப்பார்கள். குடிக்கிற மருந்து இதற்குக் கொடுக்க மாட்டார்கள், அது குடலில் வெள்ளையாகத் தெரிந்து கசிவை மறைத்துவிடும். நிமிடத்துக்கு 0.3 முதல் 0.5 மில்லிலிட்டர் வேகத்தில் ரத்தம் கசிந்தாலே இந்த ஸ்கேனில் பிடிபடும். நிமிடத்துக்கு அரை மில்லி என்றால் குறைவாகத் தோன்றும். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 720 மில்லி.

ஆனால் கசிவு விட்டுவிட்டு வரும் குணமுள்ளது. ஸ்கேன் எடுக்கும் நேரத்தில் நின்றிருந்தால் ரத்தம் வெளியேறுவது தெரியாது. நல்லவேளை, சூடோஅனியூரிசம் இருந்தால் அந்தக் குமிழ் அப்போதும் தெரியும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்து, மறுபடி கசிந்தால் மறுபடி எடுக்கத்தான் வேண்டும். சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமே என்ற கவலை நியாயமானது. எனினும் உயிர் போகும் ஆபத்து எதிரில் நிற்கும்போது பெரும்பாலும் ஸ்கேன்தான் ஜெயிக்கும். ரத்த அழுத்தம் நிற்கவே இல்லை என்றால் ஸ்கேனுக்கும் காத்திருக்காமல் நேராக ஆஞ்சியோ அறைக்கோ ஆபரேஷன் அறைக்கோ போவார்கள்.

எண்டோஸ்கோபி எப்போது?

ரத்தம் குடலின் உட்குழியில், இணைப்புத் தையலின் ஓரத்திலிருந்து வருகிறது என்றால் எண்டோஸ்கோபிதான் முதல் தேர்வு. இரைப்பை இணைப்பு, பெருங்குடல் இணைப்பு போன்றவற்றை நேரில் பார்க்க முடியும். கசியும் புள்ளியில் சின்ன உலோகக் கிளிப் போட்டு இறுக்கலாம், நீர்த்த அட்ரினலின் ஊசி போட்டு ரத்தக்குழாயைச் சுருங்க வைக்கலாம். புது இணைப்பில் சூடு வைத்துக் கருக்குவதைக் கூடியவரை தவிர்ப்பார்கள், திசு வெந்து பின்னால் ஓட்டையாகலாம். காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு செலுத்துவதும் இணைப்பைக் காப்பாற்றத்தான். அது சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும், குடல் நெடுநேரம் ஊதிக்கொண்டிருக்காது.

விப்பிளுக்குப் பிந்தைய பின்கசிவில் எண்டோஸ்கோபி நம்மைத் தவறான இடத்துக்கும் அழைத்துப் போகலாம். குடலுக்கு வெளியே இருக்கும் தமனி உடைந்து, விட்டுப்போன இணைப்பின் வழியே ரத்தம் குடலுக்குள் வழிந்தால், வாந்தியிலும் மலத்திலும்தான் ரத்தம் தெரியும். இரைப்பைப் புண்ணோ என்று எண்டோஸ்கோபி செய்வார்கள். உள்ளே ரத்தக்கட்டி நிறைந்திருக்கும், ஊற்று தெரியாது, நேரம் போய்விடும். கணைய இணைப்பு இருக்கும் குடல் வளைவுவரை ஸ்கோப் போவதும் சிரமம். பல அனுபவமுள்ள குழுக்கள் இந்த நோயாளிகளுக்கு சி.டி. ஆஞ்சியோகிராமை முதலில் செய்வது இதனால்தான்.

குழாய் வழியே போய் அடைப்பது

சரி, ஓட்டை தமனியில்தான் என்று தெரிந்துவிட்டது. இனி வேலை இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் கையில். இவர் ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் மட்டுமல்ல, படத்தைப் பார்த்துக்கொண்டே சிகிச்சை செய்பவர். செய்கிற சிகிச்சைக்கு எம்போலைசேஷன் என்று பெயர்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, தொடை மடிப்பில் துடிக்கும் தமனியில் ஊசியைச் செலுத்துவார்கள். ஊசிக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே கதீட்டர் குழாயை ஏற்றுவார்கள். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஸ்வென் ஐவர் செல்டிங்கர் 1953-ல் வெளியிட்ட உத்தி இது. இதற்கு முன் அகலமான குழாயை நுழைக்க அகலமான ஊசியோ வெட்டோ தேவைப்பட்டது. இந்தச் சின்ன யோசனை இல்லாவிட்டால் இதய ஆஞ்சியோவும் இல்லை, இந்தச் சிகிச்சையும் இல்லை.

வெளியிலிருக்கும் கதீட்டர் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அதற்குள்ளிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மைக்ரோகதீட்டர் வெளிப்பட்டு, பெருந்தமனியிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறு கிளை என்று போகும். சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்து, கம்ப்யூட்டர் எலும்பு, குடல் நிழல்களையெல்லாம் கழித்துவிட, திரையில் ரத்தக்குழாய் மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும். "மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்று அடிக்கடி சொல்வது, அசைந்தால் இந்தக் கழித்தல் கணக்குப் பிசகிவிடும் என்பதற்காக. மருந்து போகும்போது வயிற்றில் ஒரு சூடு பரவும், அது இயல்புதான்.

எதை வைத்து அடைப்பது? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் ரோஷ், சார்லஸ் டாட்டர் குழுவினர், இரைப்பையில் ரத்தம் கசிந்த ஒருவருக்கு அவருடைய சொந்த ரத்தத்தையே உறையவைத்து அந்தக் கட்டியால் தமனியை அடைத்ததை 1972-ல் வெளியிட்டார்கள். செரிமானப் பாதை ரத்தக்கசிவுக்கு எம்போலைசேஷன் தொடங்கியது அங்கே. ஆனால் ரத்தக்கட்டி கரைந்துவிடும். 1975-ல் சீசர் ஜியன்டுர்கோ எஃகுச் சுருளில் கம்பளி இழைகளைக் கட்டிய காயிலைக் கொண்டுவந்தார். இப்போது பெரும்பாலும் பிளாட்டினம், அதில் செயற்கை இழைகள். கதீட்டருக்குள் நேராக இருக்கும் கம்பி வெளியே வந்ததும் சுருண்டு கொள்ளும், இழைகளைச் சுற்றி ரத்தம் உறையும், குழாய் அடைபடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காயில் தன் வேலையைச் செய்ய நோயாளியின் ரத்தம் உறைய வேண்டும். உறைதிறன் கெட்டுப்போனவர்களுக்குப் பசை வகை மருந்து கைகொடுக்கும். ரத்தம் பட்டவுடன் தானே இறுகும் திரவம் அது. உப்புநீர் பட்டால்கூட இறுகிவிடும் என்பதால் கதீட்டரை முன்கூட்டியே டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை கலந்த நீரால் கழுவுவார்கள். ஜெலட்டின் பஞ்சும் உண்டு, அது சில வாரங்களில் கரையும். அரித்துப்போன தமனிக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

கணையத்தைச் சுற்றியுள்ள தமனிகள் ஒன்றோடொன்று வலைபோலப் பிணைந்தவை. வாய்க்காலில் உடைப்பு விழுந்தால் மேல் பக்கம் மட்டும் மண் போட்டால் போதாது, கீழ்ப் பக்கம் வேறு கிளை வந்து சேர்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் எதிர்த்திசையில் ஏறி வந்து அதே உடைப்பில் வெளியேறும். தமனியிலும் இதேதான். அதனால் ஓட்டையைத் தாண்டிப் போய் முதலில் அந்தப் பக்கம் காயில் வைத்து, அப்புறம் பின்வாங்கி வந்து இந்தப் பக்கமும் வைப்பார்கள். முன்வாசலை மட்டும் மூடிவிட்டு வந்தால் மறுநாள் பின்வாசல் வழியே கசியும், அப்போது போய்ச் சேரும் வழியும் நம் காயிலாலேயே அடைபட்டிருக்கும்.

விப்பிளில் இதற்கும் இடம் இல்லாமல் போகலாம். மிஞ்சிய அடித்தண்டு மிகக் குட்டையாக இருந்தால் காயில் அதில் நிற்காமல் கல்லீரல் தமனிக்குள் நழுவிவிடும். கல்லீரல் தமனியையே அடைத்துவிடலாமா என்றால், கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாய் வழியாக வருகிறது, தமனி தருவது மிச்சம்தான். ஆகவே சிரை நன்றாக இருந்தால் கல்லீரல் பெரும்பாலும் தாங்கும். ஆனால் பித்தக்குழாய்களுக்கு முக்கியமாகத் தமனி ரத்தம்தான் வேண்டும், உதவிக்கு வரக்கூடிய மற்றக் கிளைகளையோ ஆபரேஷனில் ஏற்கெனவே வெட்டியாயிற்று. அடைத்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி, பித்தக்குழாய் இணைப்பு அழுகுதல் என்று புதிய சிக்கல் கிளம்பும். இதற்குத்தான் உறையிட்ட ஸ்டென்ட். வலைக்குழாயைச் சுற்றி ரத்தம் புகாத உறை போட்டது. அதைக் கல்லீரல் தமனிக்குள் விரித்தால் ஓட்டை மூடும், கல்லீரலுக்கு ரத்தமும் போகும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. எல்லோருக்கும் முடிவதில்லை, தமனி அதிகம் வளைந்திருந்தாலோ சுருங்கியிருந்தாலோ ஸ்டென்ட் ஏறாது. வைத்த பிறகு அது அடைபடாமலிருக்க ரத்தம் உறையாத மருந்து கொடுப்பதா, இப்போதுதான் ரத்தம் கசிந்தவருக்கு எப்படிக் கொடுப்பது என்ற இழுபறியும் இருக்கும். அதை ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகத்தான் முடிவுசெய்கிறார்கள்.

குடலில் கசிந்தால் கணக்கு வேறு. இரைப்பைக்குப் பல பக்கமிருந்து ரத்தம் வருவதால் ஒன்றை அடைத்தாலும் சாதாரணமாகத் தாங்கும். சிறுகுடல், பெருங்குடலின் கடைசிக் கிளைகளுக்கு அந்த வசதி குறைவு, அதிகமாக அடைத்தால் அந்தத் துண்டு அழுகிவிடும். ஆகவே குடல் சுவரை ஒட்டி, கசியும் கிளையை மட்டும் தேடி அடைக்க வேண்டும். ஆபரேஷனில் எந்தெந்தத் தமனியைக் கட்டினார்கள் என்று தெரியாமல் இதைச் செய்வது ஆபத்து. ஓர் ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டு, கசிவு வந்ததும் வேறு ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடும் குடும்பங்கள் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கிடைக்காவிட்டால் அறுவை செய்த டாக்டரைப் புது டாக்டரோடு போனில் பேச வையுங்கள்.

அடைத்த பிறகு

ரத்தம் நின்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. தமனியை அரித்த கணைய நீர் அங்கேயேதான் இருக்கிறது. தேங்கிய நீரையும் சீழையும் ஸ்கேன் பார்த்து ஊசி வழியே ட்ரெய்ன் போட்டு வெளியேற்றி, தொற்றுக்கு மருந்து கொடுத்து, மூல காரணத்தை அடக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் தமனியையும் அது அரிக்கும். சிலருக்கு மறுபடி கசிந்து இரண்டாவது முறையும் ஆஞ்சியோ அறைக்குப் போக வேண்டிவரும். சிலருக்குக் கடைசியில் அறுவையேதான் வழி. ஆகவே குழாய்ச் சிகிச்சை நடக்கும்போதும் அறுவைக் குழு தயாராக இருக்கும் ஆஸ்பத்திரியே நல்லது.

தொடையில் துளை போட்டிருந்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்கச் சொல்வார்கள். அந்த இடம் வீங்கினாலோ, கால் சில்லிட்டாலோ உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதித்ததா என்று அறிய, ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைச் சில நாள் பார்ப்பார்கள். மெட்பார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளி அதை எப்போது திரும்பத் தொடங்குவது என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அயோடின் சாய மருந்துக்கு முன்பு எப்போதாவது அலர்ஜி வந்திருந்தால் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டில் பார்க்க வேண்டியது: தார்போலக் கறுத்து, பிசுபிசுவென்று, கடுமையான நாற்றத்தோடு மலம் போனால் அது ரத்தம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் வழக்கமாக இருக்காது. சந்தேகம் வந்தால் மாத்திரை என்று நாமே முடிவுசெய்ய வேண்டாம். ட்ரெய்னோடு அனுப்பியிருந்தால் பையில் சிவப்பு கலந்த நேரத்தைக் குறித்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காலைவரை காத்திருக்காமல், ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய், "கணையத்தில் ஆபரேஷன் ஆகி இத்தனை நாள், இப்போ ரத்தம் வந்துச்சு" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். தொலைவில் இருந்தால், ஆஞ்சியோ வசதியும் ரத்த வங்கியும் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் நின்றுவிட்டிருந்தாலும் போங்கள்.